யாளியை மலையில் தேடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், கோயில் தூண்களில் சிங்க உடம்பும் துதிக்கையுமாக நிற்கும் யாளியைப் பற்றி அரைப் பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். யாளிக்கு ஒரு நாளிதழ் இவ்வளவு இடம் கொடுத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கட்டுரை முழுக்க ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது: யாளி உண்மையில் இருந்ததா? இருந்தது, டைனோசரைவிடப் பெரியது, கடல் கொண்ட நிலத்தில் வாழ்ந்து அழிந்தது, கண்ணால் கண்டதைத்தான் சிற்பிகள் கல்லில் வைத்தார்கள் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். "பார்க்காத ஒன்றை இவ்வளவு நுணுக்கமாக யாரால் செதுக்க முடியும்?" என்று நடுவில் கேட்டிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

முடியும் ஐயா. என் அப்பாவால் முடிந்தது.

அப்பா கல் தச்சர். திருப்பணி நடக்கும் கோயில்களில் உடைந்த தூணுக்கு மாற்றுத் தூண் அடித்துக் கொடுப்பது அவர் வேலை. வாழ்நாளில் முழுதாக அவர் கையால் செய்த யாளித் தூண்கள் ஆறு. பள்ளிக்கு லீவு விட்டால் நானும் கூடவே போய்விடுவேன். மழுங்கிய உளிகளைப் பொறுக்கிக்கொண்டு போய் உலையில் கொடுத்து, காய்ச்சி அடித்த உளிகளை வாங்கி வருவது என் பொறுப்பு. அப்புறம் 31 ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து, ஆண்டு தவறாமல் பிள்ளைகளை யாளித் தூண்களுக்கு முன்னால் உட்கார வைத்து வரையச் சொல்லியிருக்கிறேன். ஆராய்ச்சியாளர் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இந்த ஒரு மிருகத்தின் உடம்பு எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் பாட்டில் இருக்கும் யாளி. கட்டுரையாளர் சங்கப் பாடல்களைச் சான்றாகக் காட்டியிருந்தார். அங்கே பெரும்பாலும் அதன் பெயர் ஆளி. "ஆளி நன்மான்" என்று மரியாதையாகவே சொல்கிறார்கள். யானையைக் கொன்று அதன் தந்தத்தைப் பிடுங்கும் விலங்கு அது. குறிஞ்சிப்பாட்டில், இருட்டில் மலைவழியே காதலியைப் பார்க்க வருகிறவனுக்கு என்னென்ன ஆபத்து என்று கபிலர் அடுக்குகிறார். குகையில் கிடக்கும் புலி, ஆளி, கரடி என்று அந்த வரிசை போகிறது. பொருநராற்றுப்படையில் இளம் கரிகாலனின் வெற்றியைச் சொல்ல ஓர் உவமை வருகிறது. பால்குடி மறக்காத ஆளிக்குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றது போல என்று. சரி, இவ்வளவும் உண்மை.

ஆனால் நான் படித்த எந்தப் பாட்டிலும் அதற்கு முகம் கிடையாது. நகம் வருகிறது, வலிமை வருகிறது, அது விட்டுப்போன யானை வருகிறது. துதிக்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. சுருள் சுருளான பிடரி இல்லை, பிதுங்கிய கண் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் ஒரு படி மேலே போய், கரும்பு ஆலையின் ஓயாத இரைச்சல் எப்படி இருக்கிறது என்று புலவர் சொல்கிறார்: மூங்கில் வளரும் மலைச்சரிவில் யாளி பாயும்போது யானைக்கூட்டம் அலறுமே, அப்படி. இந்த வரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். யாளி எப்படி உறுமும் என்று நமக்குத் தெரியாது. யானைகள் அலறுவதுதான் கேட்கிறது. மறைந்தே வாழும் மிருகம். அதைப் பார்த்தவர் யாரும் பாட்டில் இல்லை, பயந்தவர்கள்தான் இருக்கிறார்கள்.

அப்படியானால் துதிக்கை எங்கிருந்து வந்தது? பிடரிச் சுருளும் தந்தமும் எங்கிருந்து வந்தன? கல்லிலிருந்துதான் வந்தன. அதுவும் ஒரே நாளில் வரவில்லை. மாமல்லபுரத்துப் பல்லவர் மண்டபங்களில் தூணின் அடியில் சிங்கம் உட்கார்ந்திருக்கும், கட்டளைக்குக் காத்திருப்பது போல அடக்கமாக. பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் புலிக்குகை என்று பெயர் வாங்கிவிட்ட பாறையில், வாயிலைச் சுற்றி 11 தலைகள் வளைந்து நிற்கின்றன. பெயர்தான் புலி, தலைகள் யாளி. பிறகு சோழர் காலம். 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில் அடித்தளத்தைச் சுற்றி யாளி வரி ஓடுகிறது. வரிசையாகத் தலைகள், தரைக்குக் கொஞ்சம் மேலே, நம் இடுப்புக்கும் மார்புக்கும் பக்கத்தில். விஜயநகர, நாயக்கர் காலத்துக்கு வாருங்கள். உட்கார்ந்திருந்தது எழுந்துவிட்டது! பின்னங்கால்களில் ஊன்றி, முன்னங்கால்களைத் தூக்கி, ஆளைவிட உயரமாக, தூணோடு தூணாக நிற்கிறது. மதுரையில் கிளிக்கூண்டு மண்டபத்துக்கும் 985 தூண்கள் கொண்ட ஆயிரங்கால் மண்டபத்துக்கும் போய்விட்டு வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்த மிருகம் எழுந்து நிற்க ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. காட்டில் ஒரு மிருகத்தைப் பார்த்துச் செதுக்கியிருந்தால் அது இப்படியா வளர்ந்திருக்கும்?

இனி உடம்பு. ஆறாம் வகுப்பில் நான் ஒரு பயிற்சி வைப்பேன். யாளித் தூணின் பெரிய படம் ஒன்றை மாட்டி, மேலே அட்டையை வைத்து மூடிவிட்டு, கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பேன். முதலில் பாதம் தெரியும். மடங்கிய விரல்கள், கொக்கி போல நகங்கள். "சிங்கம் டீச்சர்!" என்று கத்துவார்கள். கொஞ்சம் மேலே தொடை. திரண்டு, பின்பக்கம் வளைந்து, துள்ளப்போகிற தொடை. "குதிரை." வயிறு ஒட்டி உள்வாங்கியிருக்கும், விலா எலும்புகள் மெல்லிய கோடுகளாகத் தெரியும். "வேட்டை நாய்" என்று ஒரு பெண் சொன்னாள். அந்தப் பதில் அதற்கு முன் எனக்கே தோன்றியதில்லை. அடுத்து மார்பு, மறுபடியும் சிங்கம். கழுத்தில் மணி கோத்த மாலை. அங்கே வகுப்பு அமைதியாகிவிடும். காட்டு மிருகத்தின் கழுத்தில் மணி கட்டியது யார்? அதன் முதுகில் ஒரு வீரன் உட்கார்ந்து கடிவாளத்தைப் பிடித்திருப்பான். புலவர்களிடம் அகப்படாததைச் சிற்பி பிடித்து, பழக்கி, மணியும் கட்டி மண்டபத்தில் நிறுத்திவிட்டான்.

அப்புறம் முகம். வாய் அகலத் திறந்து, கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் தெரியும். கண் உருண்டையாகப் பிதுங்கி நிற்கும், அதற்கு மேலே புருவம் தீச்சுடர் போலச் சுழித்து ஏறும். கண்ணைக் கவனித்துப் பாருங்கள், நேராக எதிரே பார்க்காது. கொஞ்சம் கீழே தாழ்ந்திருக்கும். நாம் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம் இல்லையா, நம் கண்ணைச் சந்திப்பதற்காக அப்பா அந்தச் சாய்வை வைப்பார். கல்லில் காவியால் கோடு போடும்போதே கீழே என்னை நிற்க வைத்து, "இப்ப உன்னப் பாக்குதா தாயி?" என்று கேட்பார். பார்க்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் உளி வைப்பார்.

துதிக்கைக்கு வருகிறேன். கட்டுரையாளர் துதிக்கையைத்தான் பெரிய சான்றாக நினைக்கிறார். யானைக்கும் சிங்கத்துக்கும் நடுவில் ஒரு உயிரினம் இருந்ததற்கு அடையாளமாம். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பாவிடம் இதையே வேறு விதமாகக் கேட்டேன். சிங்கத்துக்கு எதுக்குப்பா தும்பிக்கை? அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "கல்லுக்குப் பாரம் தாங்கத் தெரியும் தாயி. தொங்கத் தெரியாது."

நடந்தது இதுதான். யாளி எழுந்து நின்றவுடன் அதன் தலையும் மார்பும் தூணை விட்டு முன்னால் வந்துவிட்டன. முன்னால் வருகிற கல் எல்லாம் கீழ்நோக்கி இழுக்கும். அழுத்தினால் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும் கருங்கல், இழுத்தால் சீக்கிரம் முறிந்துவிடும். அதனால் சிற்பி தலையை அந்தரத்தில் விடவில்லை. முகத்திலிருந்து ஒரு துதிக்கையைக் கீழே இறக்கினான். இறங்கும் துதிக்கை எங்கேயாவது ஊன்ற வேண்டுமே? காலடியில் ஒரு சின்ன யானையை வைத்தான். அந்த யானை தன் துதிக்கையை மேலே தூக்குகிறது, யாளி தன் துதிக்கையைக் கீழே விடுகிறது, இரண்டும் நடுவில் கோத்துக்கொள்கின்றன. தலையின் பாரம் இறங்க ஒரு வழி கிடைத்துவிட்டது. முன்னங்கால்களும் பல தூண்களில் அதே போல எதன் மேலாவது பதிந்திருக்கும். வாலைப் பாருங்கள், அது காற்றில் ஆடாமல் சுருண்டு தூணோடு ஒட்டிவிடும். பிடரிச் சுருள்கள் ஒவ்வொன்றும் சங்கு போலச் சுழித்துப் பின்னால் போய், தலை முடிந்து தூண் தொடங்கும் இடத்தை மூடிவிடும். இந்த உடம்பில் எலும்பியல் இருக்கிறது. ஆனால் அது மிருகத்தின் எலும்பியல் இல்லை, தூணின் எலும்பியல்.

அந்தச் சின்ன யானை யார் என்று யோசித்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. பாட்டில் யாளியைப் பார்த்து அலறிய அதே யானைதான். புலவர்கள் அதன் அலறலை வைத்து யாளியைக் காட்டினார்கள். சிற்பிகள் அதே யானையைக் கொண்டுவந்து யாளிக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

வாய்க்குள் உருளும் கல் உருண்டையையும் சொல்ல வேண்டும். யாளியின் பல்லுக்குப் பின்னால் ஒரு கல் பந்து இருக்கும். விரலால் தள்ளினால் உருளும், வெளியே வராது. எப்படி உள்ளே போட்டார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். போடவே இல்லை. அது அங்கேயே இருந்த கல். அப்பா முதலில் பற்களுக்கு நடுவே முன்பக்கமும் பக்கவாட்டிலும் திறப்பார். அந்தச் சின்னச் சந்துகள் வழியாகவே நுனி வளைந்த மெல்லிய உளியை விட்டு உள்ளே இருக்கும் கல்லை உருட்டிக்கொண்டே வருவார். பல நாள் வேலை. சுத்தியலை ஓங்க முடியாது, தட்டத்தான் முடியும். தூசியை வாயால் ஊதி ஊதி வெளியேற்ற வேண்டும். கடைசியில் உருண்டை காய் போலத் தயாராகி, அடியில் ஒரு காம்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காம்பை வெட்டும் நாளில் அப்பா காலையிலிருந்து யாரோடும் பேச மாட்டார். அடி கொஞ்சம் பிசகினால் பல் போய்விடும், பல் போனால் தூணே போச்சு. ஒரு தடவை நான் பக்கத்தில் இருந்தேன். டொக் என்று ஒரு சின்னச் சத்தம். உருண்டை தானாகவே அரை விரல் நகர்ந்து பல்லில் வந்து சாய்ந்தது. அப்பா அதை ஆள்காட்டி விரலால் ஒரு முறை தள்ளிப் பார்த்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார்.

இப்படி ஒருவர் செய்ததை, எதையோ பார்த்து நகல் எடுத்தார் என்று எழுதினால் அவர் மகளுக்கு வலிக்காதா?

டைனோசர் என்று கட்டுரையில் வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். டைனோசர்கள் அழிந்து ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனிதன் வந்து சில லட்சம் ஆண்டுகள்தான். ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வழியே இல்லை. தமிழ் மண்ணில் நிஜமான பெரிய மிருகம் வேண்டும் என்றால் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டுக்குப் போகலாம். அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து 1987-இல் ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள், புருகத்காயோசாரஸ். பெருத்த உடம்புப் பல்லி என்று பொருள். உலகத்தில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று சொல்கிறார்கள். ஆனால் அந்த எலும்புகள் நொய்ந்தவை, பின்னால் அவை நொறுங்கியே போய்விட்டன. அதைப் பற்றி இணைப்பில் ஒரு முழுப் பக்கம் போட்டால் நான் இரண்டு பிரதி வாங்குவேன். அது இயற்கை செய்த மிருகம், யாளி நம் ஆட்கள் செய்த மிருகம். இரண்டையும் ஒன்றோடு ஒன்று போட்டுக் குழப்ப வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

நம் ஆட்கள் யாளியைக் கல்லோடும் விடவில்லை. வீணையைப் பாருங்கள், தண்டி என்கிற நீண்ட கழுத்தின் கடைசியில் கீழ்நோக்கி வளைந்து யாளி முகம் இருக்கும். தஞ்சாவூரில் பலா மரத்தில் அதைச் செதுக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தேரில் மரத்தில் நிற்கிறது. ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் யாளி வாகனத்தில் எழுந்தருளுகிறார். மண்டபப் படிக்கட்டின் இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவராகச் சுருண்டு இறங்குவதும் யாளிதான். பாட்டில் எல்லாரையும் பயமுறுத்திய மிருகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நாம் படி ஏறுகிறோம். என் பாட்டி அந்தத் துதிக்கையைப் பிடிக்காமல் ஒரு படிகூட ஏற மாட்டாள்.

இதையெல்லாம் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. யாளி எங்கோ வாழ்ந்து அழிந்த மிருகம் என்று ஆகிவிட்டால், தூணில் இருப்பது வெறும் படம் என்று ஆகிவிடும். படம் அழிந்தால் யாருக்கு என்ன? எனக்குத் தெரிந்த ஒரு கோயில், பெயர் சொல்லவில்லை. அங்கே மண்டபத்தின் முதல் யாளிக்குத் துதிக்கை உடைந்துவிட்டது. சின்ன யானையும் பாதி போய்விட்டது. திருப்பணியில் சிமெண்டில் ஒரு துதிக்கை செய்து ஒட்டினார்கள். யானையை மறந்துவிட்டார்கள். சிமெண்டுத் துதிக்கை எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. உள்ளே வைத்த கம்பி துருப்பிடித்து ஊதி, சிமெண்டு நீளவாக்கில் வெடித்துவிட்டது. வெடிப்பின் மேல் சில்வர் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பக்கத்துத் தூணில் யாளியின் தோளில் துளை போட்டு டியூப் லைட் மாட்டியிருக்கிறார்கள். அதற்கடுத்த தூணை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். விலா எலும்புக் கோடுகள் போய்விட்டன, மாலையின் மணிகள் எல்லாம் ஒரே தடிப்பாகிவிட்டன. உளி போன வழி தெரியாத கல்லைத் தடவிப் பார்த்தால் கை உடனே கண்டுபிடித்துவிடும். நான் போய்ச் சொன்னேன். பொறுப்பில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "இது சும்மா கற்பனை மிருகம்தானே அம்மா, எப்படி இருந்தா என்ன?" என்றார்.

யானையின் துதிக்கை உடைந்திருந்தால் யானைக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துச் சரி செய்துவிடலாம், யானை இருக்கிறது. யாளிக்கு அந்த வசதி இல்லை. அதன் உடம்பு வேறு எங்கும் இல்லை, அந்தத் தூணில் மட்டும்தான் இருக்கிறது. அங்கே ஒரு விலா எலும்பு தேய்ந்தால் யாளிக்கே ஒரு விலா எலும்பு குறைந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த படம் நல்ல படம். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து பிடரிச் சுருள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் இடம் போதவில்லையோ என்னவோ, மார்புக்குக் கீழே வெட்டிவிட்டீர்கள். துதிக்கை பாதியில் நிற்கிறது. உங்கள் புகைப்படக்காரரிடம் முழுப் படம் கட்டாயம் இருக்கும். அடுத்த ஞாயிறு அதைச் சின்னதாகவாவது மறுபடியும் போடுங்கள், காலடியில் நிற்கும் யானையோடு சேர்த்து.

இப்படிக்கு,
கல் தச்சர் ஒருவரின் மகள்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை